ஓட்டுக்குள் ஒளிய முடியாத ஆமை

குளத்து ஆமையைக் குச்சியால் தொட்டால் என்ன செய்யும்? டபக்குனு தலையையும் காலையும் ஓட்டுக்குள்ளே இழுத்துக்கும். கடல் ஆமையால் அது முடியாது. நீந்துவதற்காக ஓடு தட்டையாகவும், கால்கள் துடுப்பு மாதிரி நீளமாகவும் அமைந்துவிட்டன. உள்ளே இழுக்க இடமே இல்லை. அப்போ சுறா வந்தால்?

முதுகு கருமை, வயிறு வெளுப்பு. மேலேயிருந்து பார்த்தால் ஆழ்கடல் இருட்டோடும், கீழேயிருந்து பார்த்தால் வானத்து வெளிச்சத்தோடும் கலந்துவிடும். அதையும் மீறி சுறா நெருங்கினால் சட்டென்று திரும்பி முதுகு ஓட்டைக் காட்டும். அகலமான ஓட்டைக் கவ்வுவது லேசில்லை. (புலிச்சுறா மட்டும் ஓட்டையே உடைத்துவிடும்!)

இதெல்லாம் பெரிய ஆமைக்குத்தான். குஞ்சு நம் உள்ளங்கையில் அடங்கும், ஓடும் மெத்து. நம் கடற்கரைக்கு அதிகம் வருவது பங்குனி ஆமை. ராத்திரியில் கரையேறி, குழி தோண்டி, 100 முட்டைக்கு மேல் இடும். பிறகு உடம்பாலேயே மணலைத் தட்டி இறுக்கி, இடம் தெரியாமல் மண்ணை வாரி இறைத்துவிட்டுப் போகும். ஆனாலும் நாயும் நரியும் மோப்பம் பிடித்துவிடும்.

45 முதல் 60 நாளில் பொரியும். உடனே வெளியே வராது. மேல் மணல் குளிர்ந்தால்தான் ராத்திரி என்று புரிந்து, எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். காக்கா, பருந்து அப்போது இருக்காது. நண்டு இருக்கும். ஆனால் நூறு குஞ்சு சேர்ந்து ஓடினால் நண்டு எத்தனையைத்தான் பிடிக்கும்? ஒடிசாவில் கஹிர்மாதா, ருசிகுல்யா கரைகளில் தாய் ஆமைகளே இப்படித்தான், சில நாட்களுக்குள் லட்சக்கணக்கில் வந்து முட்டையிடும். கடலில் இறங்கிய குஞ்சு கரையோர மீன்களுக்குத் தப்ப சுமார் ஒரு நாள் நிற்காமல் நீந்தும். அப்படியும் ஆயிரத்தில் ஒன்றுதான் பெரிதாகும் என்கிறார்கள்.

இந்த உபாயம் எதுவும் வலையிடம் பலிக்காது. ஆமைக்கு நுரையீரல்தான். மேலே வந்து மூச்சு விடணும். இழுவை வலையில் மாட்டினால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. வலைக்குள் கம்பிச் சட்டம் வைத்து, ஆமை மட்டும் வெளியேற வழி விடும் கருவி இருக்கிறது. எல்லாப் படகிலும் அதை மாட்டினால் என்ன?

விளக்கும் எதிரிதான். வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று குஞ்சு நம்பும். தெருவிளக்கு எரிந்தால் ரோட்டுக்கு வந்துவிடும். அதனால் கரையில் ஆமையைப் பார்த்தால் டார்ச் அடிக்காதீங்க. சென்னையில் 1988 முதல் மாணவர்கள் ராத்திரி நடந்து முட்டைகளைச் சேகரித்து வேலிக்குள் புதைத்துக் காக்கிறார்கள். பொரிந்த குஞ்சைத் தண்ணீரில் தூக்கிப் போடமாட்டார்கள். கொஞ்ச தூரம் மணலில் நடக்க விடுவார்கள். எந்தத் திசையில் நீந்தணும் என்பதை அந்த நடையில்தான் அது பிடித்துக்கொள்ளும்.