பழைய முற்றத்தில் புதிய குஞ்சுகள்

ராஞ்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், மகளிர் சுய உதவிக் குழு உறுப்பினர் ஒருவரின் வீட்டு முற்றத்தில் அமர்ந்து அவரது கடன் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறு நாட்டுக்கோழிகளும் ஒரு சேவலும் ஏற்கெனவே வைத்திருந்த அவர், குழுவின் வழியே பெற்ற சிறு கடனில் நான்கு வார வயதுடைய இருபது வனராஜா குஞ்சுகளை வாங்கியிருந்தார். வாங்கிய அன்று பிற்பகலிலேயே அவற்றைப் பழைய கோழிகளோடு திறந்துவிட்டார். பத்து நாட்களுக்குள் ஏழு குஞ்சுகள் இறந்தன. சில தலையில் கொத்துப்பட்டு இறந்தன. மற்றவை காயம் ஏதுமின்றி, தீவனத்தை நெருங்க இயலாமல் மெலிந்து மடிந்தன. முட்டை விற்றுத் தவணை செலுத்துவது என்ற திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு, முதல் முட்டைக்கு முன்பே கரைந்துவிட்டது. நோய்தான் வந்தது என்றே அவர் எண்ணியிருந்தார்.

இது ஒரு வீட்டுக் கதையன்று. 2019ஆம் ஆண்டின் 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள சுமார் 85 கோடி கோழியினப் பறவைகளில் ஏறத்தாழ 31.7 கோடி புறக்கடையில் வளர்பவை. 2012ஆம் ஆண்டின் எண்ணிக்கையைவிட இது 46 விழுக்காடு அளவுக்கு மிகுதி. புதிய குஞ்சுகள் வந்து சேரும் முற்றங்களில் பெரும்பாலானவற்றில் பழைய கோழிகள் முன்பே ஆட்சி செய்துகொண்டிருக்கின்றன.

ஆட்சி என்பது மிகையான சொல் அன்று. கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்ற படிநிலை உண்டு. நார்வே நாட்டு விலங்கியலாளர் தோர்லீஃப் ஷெல்டெருப்-எப்பெ 1920களின் தொடக்கத்தில் இதனை முறையாகப் பதிவு செய்தார். மேல்நிலைக் கோழி முதலில் உண்ணும். உயரமான கட்டையில் உறங்கும். ஒவ்வொரு கோழிக்கும் தன் இடம் தெரிந்திருப்பதால் அன்றாடச் சண்டை குறைவு. புதிய பறவை ஒன்று நுழைந்ததும் அந்த ஒழுங்கு குலைந்து, வரிசை மீண்டும் தீர்மானிக்கப்படுகிறது. உடல் வலு இல்லாத குஞ்சு அதில் தோற்பது உறுதி. தனியே ஒரு குஞ்சைச் சேர்ப்பது ஆகாது; கூட்டாக வந்தால் கொத்துகளும் பங்கிடப்படும்.

தாய்க்கோழியின் பின்னால் வரும் குஞ்சுகளுக்கு இத்துன்பம் குறைவு. கொத்த வரும் கோழியைத் தாய் விரட்டிவிடும். வாரக்கணக்கில் அதன் இறகு நிழலிலேயே மற்றவற்றுக்கு அவை பழகிப்போகும். ஐதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வனராஜா போன்ற இனக் குஞ்சுகள் பொரிப்பகத்திலிருந்து வருவதால் அவற்றுக்குத் தாய் இல்லை. வீட்டில் அடைகாக்கும் நாட்டுக்கோழி இருப்பின், ஓரிரு நாள் வயதுடைய குஞ்சுகளை இரவில் அதன் வயிற்றடியில் வைக்கலாம். காலையில் பெரும்பாலும் தன் குஞ்சுகளாகவே ஏற்றுக்கொள்ளும். ஏற்காமல் கொத்தினால் உடனே எடுத்துவிட வேண்டும் என்பதால், விடியலில் அருகிலிருந்து பார்ப்பது அவசியம். நான்கு வாரக் குஞ்சுகளிடம் இவ்வழி பலிக்காது.

அவற்றுக்கு வேண்டியது பொறுமையே. முதல் இரண்டு முதல் நான்கு வாரங்கள் பழைய கூட்டத்திலிருந்து விலகிய இடத்தில் வைக்க வேண்டும். வெள்ளைக் கழிச்சல் நோயை இரு பக்கமும் பரவாமல் காக்க இதுவே முதல் அரண். முதல் வாரத் தடுப்பூசி போடப்பட்டதா என விற்பவரிடம் கேட்டறிந்து, எட்டாம் வார ஊசியைக் கால்நடை மருந்தகத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். பழைய கோழிகளுக்குத் தீவனம் வைத்த பின்னரே புதியவற்றிடம் செல்வது நல்லது. திரும்பும்போது கைகால் கழுவ வேண்டும். ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணிக்கு எதிராக வளர்ந்த கோழிகள் எதிர்ப்பாற்றல் பெற்றிருக்கும். குஞ்சுகளுக்கு அது இராது. எனவே அவற்றின் தரை ஈரமின்றி இருத்தல் வேண்டும்.

அடுத்த ஒன்றிரண்டு வாரங்களுக்கு இரு கூட்டங்களுக்கும் நடுவே ஒரு கம்பிவலையோ மூங்கில் தட்டியோ போதும். பார்த்துக்கொள்ளலாம், கொத்த முடியாது. முறைப்பும் இறகு சிலிர்ப்பும் நாளடைவில் சலித்துப்போகும். பத்து, பன்னிரண்டு வாரத்தில் இளங்கோழிகள் பெரியவற்றின் மூன்றில் இரண்டு பங்கு உருவத்தை எட்டியதும் கலக்கலாம். இருட்டிய பின் உறங்கும் கட்டையில் பழையவற்றின் அருகே அமர்த்துவது வழக்கம். இதனால் மறுநாள் சண்டை வராது என்று நம்பிவிடலாகாது. சற்றுத் தணியும், அவ்வளவே. விடியுமுன் கூண்டைத் திறந்து, தீவனத்தையும் தண்ணீரையும் மூன்று நான்கு இடங்களில் வைத்தால் விரட்டப்படும் கோழியும் பசியாறும். பஞ்சாரத்தைச் செங்கல் மீது சாய்த்து, இளையவை மட்டும் நுழையும் இடைவெளி விட்டால் அது நல்ல புகலிடம். நம் வீடுகளில் முன்பே இருக்கும் இதற்குச் செலவில்லை.

தீவனத்தில்தான் பலரும் தவறுகின்றனர். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 விழுக்காடு அளவில் இருக்கும். வளரும் கோழிக்கு 1 விழுக்காடே போதும். மிகுதி அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கலந்து வாழும் காலத்தில் எல்லாவற்றுக்கும் வளர்கோழித் தீவனத்தையே இட்டு, முட்டையிடுபவற்றுக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைப்பதே எளிய வழி.

துரத்தலையும் ஓரிரு கொத்தையும் கண்டு பதற வேண்டாம். ரத்தம் தெரிந்தால் மட்டும் தயங்காமல் அந்தக் குஞ்சை எடுத்துவிட வேண்டும். சிவப்பைக் கண்டால் மற்றவையும் கூடிக் கொத்தும். ஒரே கோழி விடாது துன்புறுத்தினால், குஞ்சை அன்று, அந்தக் கோழியை மூன்று நான்கு நாட்கள் அடைத்துவையுங்கள். திரும்பும்போது அதன் மிடுக்கு குறைந்திருக்கும். இக்காலத்தில் முட்டை சில நாட்கள் குறைவதும் உண்டு. தவணைக் கணக்கில் அதற்கும் இடம் விடுங்கள்.

உழவர் கடன் அட்டை 2018-19 நிதிநிலை அறிக்கைக்குப் பின் கால்நடை, கோழி வளர்ப்போருக்கும் கிடைக்கிறது. கடன் கேட்டு வருவோர் குஞ்சின் விலையை மட்டுமே எழுதுகின்றனர். கம்பிவலை, தனித் தீவனம், தடுப்பூசி ஆகியவற்றையும் கிளையில் பேசும்போதே சொல்லுங்கள்.

அந்தச் சிற்றூர் உறுப்பினர் இரண்டாம் முறை பன்னிரண்டு குஞ்சுகளை மட்டும் வாங்கினார். மூங்கில் தட்டியை அவர் கணவரே முடைந்தார். நாங்கள் மறுபடி சென்றபோது பதினொன்று இருந்தன. ஒன்றைக் கீரி கொண்டுபோயிற்றாம். மூத்த செங்கோழி மட்டும் இன்னும் தொட்டியருகே வருவோரை ஒரு கொத்து கொத்தியே அனுப்புகிறது.