மருந்து பிறக்கும் ஊரும் மருந்தக அலமாரியும்

புனேயின் வடமேற்கில் முளா ஆற்றைத் தாண்டினால் சாங்வி. சாங்வி பாட்டா அருகே இருக்கும் மாவட்ட மருத்துவமனையை ஊர்க்காரர்கள் ஔந்த் ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வார்கள். முள்ஷி, மாவள் பக்கத்து நெல்வயலில் ஒருவரைப் பாம்பு கடித்தால் முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அங்கே மருந்து இல்லையென்றால் கிராமப்புற மருத்துவமனை. அங்கும் கைவிரித்தால் மாவட்ட மருத்துவமனை. ஒவ்வொரு படி ஏறுவதற்குள்ளும் நஞ்சு உடம்பில் பரவிக்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும் அந்த மருந்து தொலைதூரத்துச் சரக்கு அல்ல. சாங்விக்குப் பக்கத்துப் பிம்ப்ரியிலேயே, மகாராஷ்டிர அரசின் ஹாஃப்கைன் நிறுவனம் குதிரைகளை வளர்க்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சையும் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்தால் விஷமுறிவு மருந்து. நாட்டில் இப்படித் தயாராகும் மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர்கள் 1978-இல் தொடங்கிய பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது.

பிம்ப்ரிக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பென்சிலின் தயாரிப்பதற்காக 1954-இல் அரசுத் துறையில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் அங்கேதான் இருக்கிறது. நகரின் கிழக்கே ஹடப்சரில் 1966-இல் தொடங்கிய சீரம் இன்ஸ்டிட்யூட், உலகம் முழுவதற்கும் தடுப்பூசி அனுப்புகிறது. மருந்து பிறக்கும் ஊர் என்று புனேயைச் சொன்னால் தவறில்லை.

ஆனால் தொழிற்சாலை வாசலிலிருந்து வார்டு அலமாரி வரை உள்ள வழி வேறு வகையானது. மருத்துவமனை தேவையைக் கணக்கிட்டு எழுதியனுப்ப வேண்டும். டெண்டர் விட வேண்டும். சரக்கு வந்ததும் தரம் பார்க்க வேண்டும். கம்பெனிக்கு நேரத்தில் பணம் போக வேண்டும். பழைய பாக்கி நின்றால் அடுத்த லாரி கிளம்பாது. இதில் ஒரு கண்ணி அறுந்தாலும், டாக்டர் வெறும் சீட்டை எழுதி "வெளியே வாங்கிட்டு வாங்க" என்று சொல்லும் நிலை வரும்.

மகாராஷ்டிரம் 2017-இல் இந்தக் கொள்முதல் வேலையை ஹாஃப்கைன் நிறுவனத்திடம் கொடுத்தது. பிளேக் தடுப்பூசி கண்ட விஞ்ஞானியின் பெயரைத் தாங்கிய, மருந்து தயாரிக்கும் நிறுவனம். மாநிலத்துக்கே டெண்டர் விடும் பொறுப்பு அதன் தலையில் விழுந்தது. தாமதப் புகார்கள் தொடர்ந்தன. 2023-இல் மருத்துவப் பொருள் கொள்முதலுக்கெனத் தனி ஆணையம் அமைக்கச் சட்டம் வந்தது. அந்த ஆணையம் முழுமையாக இயங்கத் தொடங்கும் முன்பே, அக்டோபர் முதல் வாரத்தில் நாந்தேட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 24 மணி நேரத்தில் 24 பேர் இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. அவர்களில் 12 பேர் பச்சிளம் குழந்தைகள். மருந்துத் தட்டுப்பாடு என்ற குற்றச்சாட்டை அரசு மறுத்தது. மும்பை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கைக் கையில் எடுத்தது.

தமிழ்நாடு இந்தச் சிக்கலை முன்பே சந்தித்து, 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கியது. 1995 ஜனவரியில் மருந்து விநியோகம் ஆரம்பமானது. அதன் அச்சாணி, வங்கிக் கணக்குப் புத்தகம் போன்ற ஒரு பாஸ்புக். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் நோயாளிகள் எண்ணிக்கையைப் பொறுத்து ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் மருந்து என்று அதில் வரவு வைக்கப்படும். மருந்தாளுநர் மாவட்டக் கிடங்குக்குப் போய்த் தனக்குத் தேவையானதை எடுத்துக்கொள்வார். எடுத்ததன் மதிப்பு வரவில் கழியும். மேலிடம் தள்ளிவிடுவதை வாங்கிக் குவிக்கும் கட்டாயம் இல்லை. கிராமத்தில் என்ன நோய் சுற்றுகிறது என்று தெரிந்தவரே பட்டியலைத் தீர்மானிக்கிறார். ஒதுக்கீட்டில் ஏறக்குறைய 10 சதவீதத்தை, அவசரத்துக்கு உள்ளூரிலேயே வாங்க விட்டுவைத்தார்கள்.

தரத்துக்கும் ஒரு சூட்சுமம் வைத்தார்கள். கிடங்குக்கு வரும் ஒவ்வொரு பேட்ச்சிலும் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, ரகசியக் குறியீடு போட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். யார் தயாரித்தது என்று சோதிப்பவருக்கே தெரியாது. தேறாத சரக்கு திரும்பிப் போகும். தொடர்ந்து தவறும் கம்பெனி கறுப்புப் பட்டியலில் சேரும். இடைத்தரகர்களுக்கு இடமில்லாமல், தயாரிப்பாளர்களிடமிருந்தே வாங்கியதில் விலையும் இறங்கியது. கேரளமும் ராஜஸ்தானும் பின்னாளில் இதே போன்ற கழகங்களை அமைத்தன.

கருவிகளின் கதை இதைவிடச் சிக்கலானது. மாத்திரை தீர்ந்தால் மறுபடி வாங்கலாம். எக்ஸ்ரே கருவி பழுதானால் யாரைக் கூப்பிடுவது என்றே பல இடங்களில் தெரிவதில்லை. மாநிலங்களில் கணக்கெடுத்தபோது, அரசு மருத்துவமனைக் கருவிகளில் 13 முதல் 34 சதவீதம் வரை இயங்காமல் கிடந்தன. வாங்கும்போதே பராமரிப்பு ஒப்பந்தம், பயிற்சி, உதிரிபாகம் மூன்றையும் சேர்த்துப் பேசாததன் விளைவு இது. இயந்திரம் நன்கொடையாக வரும்போதும் இதே கதைதான். அதற்குரிய ரசாயனமோ கேட்ரிட்ஜோ யார் வாங்குவது என்று முடிவாகாவிட்டால், ரிப்பன் வெட்டிய கொஞ்ச நாளிலேயே அது துணி போர்த்தி மூலைக்குப் போய்விடும்.

பாம்புக்கடிக்கு வருவோம். நஞ்சேறியவருக்கு முதல் தவணையிலேயே சுமார் 10 குப்பி மருந்து தேவைப்படலாம். அலமாரியில் நான்கு குப்பி மட்டும் இருந்தால் பதிவேட்டில் அது 'இருப்பு உண்டு' என்றே தெரியும். நல்லவேளையாக, உறைய வைத்து உலர்த்திய பொடி வடிவ மருந்துக்குக் குளிர்சாதனப் பெட்டி தேவையில்லை. மின்சாரம் வந்து போகும் சுகாதார நிலையத்திலும் வைத்திருக்கலாம். சாங்வி பக்கம் ஜூனில் மழை இறங்கி வயல் வேலை தொடங்கும். வயலுக்குப் போகிறவர்களுக்கான குப்பிகளைக் கணக்கிட்டுக் கேட்டு எழுத வேண்டியது, வரப்புகள் இன்னும் காய்ந்து கிடக்கும் கோடையில்.