ஓடை நீரும் மண்ணின் சத்தும்

நிலத்திலுள்ள சத்தில் எவ்வளவு பயிரைச் சேருகிறது, எவ்வளவு மழைநீரோடு போய்விடுகிறது என்பது நிலமுடையோர் யாவரும் அறிய விரும்பும் விஷயமாகும். மண் அரித்துச் செல்லப்படுதலைக் கண்ணால் காணலாம். நீரில் கரைந்து செல்லும் சத்தையோ அவ்வாறு காண இயலாது. இது குறித்து அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெற்ற ஓர் ஆராய்ச்சி கவனிக்கத்தக்கது.

அந்நாட்டின் வடகிழக்கே, நியூ ஹாம்ப்ஷையர் ராஜ்யத்தில் ஹப்பர்டு புரூக் என்னும் மலைக்காடு இருக்கிறது. வன இலாகாவார் 1955-ம் வருஷத்தில் அதனைப் பரிசோதனைக் காடாக ஏற்படுத்தினர். 1963-ம் வருஷத்தில் டார்ட்மத் கல்லூரியைச் சேர்ந்த தாவர சாஸ்திரி ஹெர்பர்ட் போர்மன், நீர்நிலைகளை ஆராய்பவரான ஜீன் லைக்கன்ஸ், பூகர்ப்ப சாஸ்திரி நோய் ஜான்சன் ஆகியோர், வன இலாகாவின் ராபர்ட் பியர்ஸுடன் கூடி அங்கே ஆராய்ச்சி தொடங்கினர். வேர் எடுத்துக்கொள்வதும், பாறை கரைந்து கொடுப்பதும், மழை கொண்டுவருவதும் ஒன்றோடொன்று பிணைந்திருத்தலின், ஒரு சாஸ்திரத்தில் மட்டும் வல்லவர் இக்காரியத்தை முடித்தல் அரிது.

அம்மலையில் மண்ணுக்கு அடியிலுள்ள பாறை நீரைக் கசியவிடுவதில்லை. ஆகையால், ஒவ்வொரு சிறு பள்ளத்தாக்கிலும் பெய்யும் மழையில், ஆவியாகப் போவது நீங்கலாக, மிகுதியெல்லாம் ஒரே ஓடை வழியாகவே வெளியேறுகிறது. ஓடையின் வாயில் சிறு அணை கட்டி நீர் அளக்கப்பட்டது. மழைநீரும் ஓடைநீரும் அடிக்கடி எடுத்துப் பரிசோதிக்கப்பட்டன. கணக்கர் வரவும் செலவும் பதிவதைப் போல, காட்டிற்கு வந்த சத்தும் அதை விட்டுப் போன சத்தும் பதிவு செய்யப்பட்டன.

1965-ம் வருஷக் கடைசியில், சுமார் 39 ஏக்கர் விஸ்தீரணமுள்ள ஒரு பள்ளத்தாக்கிலிருந்த மரங்கள் யாவும் வெட்டப்பட்டன. மண் கிளறப்படாதிருக்கும் பொருட்டு அவை விழுந்த இடத்திலேயே விடப்பட்டன. பின் மூன்று வருஷங்கள் வரை, செடிகள் முளையாதபடி களைக்கொல்லி மருந்து தெளிக்கப்பட்டது. அருகிலிருந்த வேறொரு பள்ளத்தாக்கு ஒப்பிடுவதற்காக வெட்டப்படாமல் விடப்பட்டது.

முதல் வருஷத்தில் ஓடைநீர், எதிர்பார்த்த அளவைவிட நூற்றுக்கு 39 பங்கு மிகுந்தது. மரங்கள் உறிஞ்சி ஆவியாக விடும் நீர் மிஞ்சியதே இதற்குக் காரணம். ஆனால் அந்நீரில் நைட்ரேட்டு உப்பு முதல் வருஷத்தில் சுமார் 41 மடங்கும், இரண்டாம் வருஷத்தில் சுமார் 56 மடங்கும் பெருகிற்று. குடிநீருக்கு விதிக்கப்பட்டிருந்த எல்லையையும் அது கடந்தது. சுண்ணாம்புச் சத்தும் சாம்பல் சத்தும் பன்மடங்கு அதிகமாகக் கரைந்து சென்றன. ஓடையில் பாசி செழித்தது.

காரணம் எளிது. மட்கும் இலைதழைகளிலிருந்து மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை உண்டாக்குகின்றன. வேர் இருப்பின் அது உடனே எடுத்துக்கொள்ளப்படும். வேர் இல்லாவிடில் நைட்ரேட்டு நீரோடு இறங்குவதுடன், மண்ணைப் பற்றியுள்ள சுண்ணாம்பு முதலியவற்றையும் உடன்கொண்டு செல்லும். மருந்து தெளிப்பது நின்று, காட்டுச் செடிகளும் இளமரங்களும் தழைத்தபின், சில வருஷங்களில் இந்நஷ்டம் குறைந்துவிட்டது.

குளிர்ந்த மலைக்காட்டில் கிடைத்த அளவுகள் உழவு நிலத்திற்கு அப்படியே பொருந்தா. எனினும் அதன் தத்துவம் எங்கும் ஒன்றே. மழைக்காலத்தில் நிலத்தை வெறுமையாகப் போடாமல் சணப்பு, கொளுஞ்சி போன்ற பசுந்தாட் பயிர்களை விதைப்பதும், தழைச்சத்து உரத்தை ஒரே தடவையில் கொட்டாமல் பயிரின் வளர்ச்சிக்கேற்பப் பிரித்து இடுவதும் நஷ்டத்தைக் குறைக்கும். ஏரிகளுக்கு நீர் வரும் மேட்டு நிலங்களில் செடி கொடிகள் அழியாதபடி கிராம அதிகாரிகள் பார்த்துக்கொள்வது, நிலத்தின் சத்தையும் ஊராரின் குடிநீரையும் ஒருங்கே காப்பதாகும்.