பழைய வண்டியும் புதிய சைலென்சரும்

கண்ணுக்கு இமையுண்டு; வேண்டாத காட்சியை மூடி விலக்கலாம். செவிக்கோ இமையில்லை. ஆதலின் ஒருவன் எழுப்பும் ஓசையை அவன் அயலார் கேட்டே தீரவேண்டும். மோட்டார் வண்டியிலுள்ள சைலென்சர் என்னும் உறுப்பு இவ்விடரைக் குறைத்தற்கே அமைந்தது. அதனை இல்லத்திலேயே மாற்றும் முறையை, சென்ற கோடை விடுமுறையில் யாம் கற்ற அளவில், ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

எம் இல்லம் அனகாபுத்தூரில் நெசவாளர் வாழும் தெருவொன்றில் உள்ளது. எம் பாட்டனார் வாங்கிய புல்லட் மோட்டார் சைக்கிளை இன்றும் ஓட்டி வருகின்றோம். 1955-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு கம்பெனியாரும் சென்னை மதராஸ் மோட்டார்ஸாரும் கூடி என்பீல்டு இந்தியா கம்பெனியை நிறுவினர். அவர்களது திருவொற்றியூர்த் தொழிற்சாலையிற் பிறந்த வண்டி இது. நாளடைவில் இதன் சைலென்சர் அடிப்புறம் இற்றுத் துளைபட, ஓசை இடியெனப் பெருகிற்று. உண்மையை ஒளிப்பானேன்? அவ்வோசை எமக்கு உவப்பாகவே இருந்தது. ஆனால் அடுத்த வீட்டில், தலைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்திருந்த பெண்ணின் பச்சிளங் குழவி, யாம் வண்டியைக் கிளப்புந்தோறும் தூளியில் திடுக்கிட்டு வீறிட்டழுதது. ஒருநாள் அவ்வீட்டுப் பெரியவர், "தம்பி, தெருமுனை மட்டும் தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யலாகாதா?" என்று மெல்லக் கேட்டார். அவர் சினந்திருப்பின் மறுமொழி கூறியிருப்போம், சினவாமையால் நாணினோம்.

சைலென்சர் செய்யும் தொழில் யாதெனின், கூறுதும். புல்லட்டின் எஞ்சின் 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள ஒற்றைச் சிலிண்டர் உடையது. அது இருமுறை சுழல்வதற்குள் ஒருமுறை பெட்ரோல் எரியும். நிமிடத்திற்கு 3,000 சுழற்சியாயின் 1,500 வெடிகள் நிகழும். ஒவ்வொரு வெடியின் பின்னும் வால்வு திறக்க, அழுத்தம் மிக்க வெம்புகை குழாயிற் பாய்கின்றது. அது நேரே வெளிப்படின் வேட்டுப்போல் ஒலிக்கும். சைலென்சரோ அதனை அகன்ற அறைக்குள் விரியச் செய்கின்றது. உள்ளிருக்கும் துளைக்குழாய்களும் தடுப்புத் தகடுகளும் ஒலியலைகளை மீள மீளத் திருப்பித் தணிக்கின்றன. வாய்க்காலிற் சீறிவரும் நீர் ஏரியிற் பரந்து அமைதியுறுதல் போல்வது இது.

இஃது இற்றுப்போதற்கு மழைநீர் மட்டும் காரணமன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியின் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் ஆவியாய்த் தோன்றும். நெடுந்தூரம் ஓடும் வண்டியில் சூடு அவ்வாவியை வெளியேற்றிவிடும். பம்மலுக்கும் பல்லாவரத்திற்குமே ஓடிய எம் வண்டியிலோ, சைலென்சர் நன்கு சூடேறுமுன் ஓட்டம் முடிந்தமையின், நீர் உள்ளே தங்கித் துருவேற்றிற்று.

இனி மாற்றும் முறை. முதற்கண், வாங்கும் சைலென்சரின் வாயகலமும், நீளமும், பிடிதுளை அமைந்த இடமும் பழையதனோடு ஒத்துளவா எனக் காண்க. முந்தின நாளே துருப்பிடித்த நட்டுகளில் மண்ணெண்ணெய் இட்டு ஊறவிடுக. எஞ்சின் முற்றும் ஆறிய பின்னரே கைவைத்தல் வேண்டும். வண்டியைச் சமதரையில் மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, சைலென்சரின் கீழே ஒரு மரக்கட்டையை முட்டுக்கொடுத்து, முன்னுள்ள கிளாம்பைத் தளர்த்தி, பின்னுள்ள போல்ட்டைக் கழற்றுக. திரும்பாத நட்டைச் சிறிது முடுக்கிப் பின் தளர்த்தினால் பெரும்பாலும் இணங்கும். பின்பு சைலென்சரை இடமும் வலமுமாக அசைத்துப் பின்புறமாக இழுத்தால் பெண்ட் பைப்பினின்று கழன்று வரும்.

பெண்ட் பைப்பின் நுனியை எமரித் தாளால் தேய்த்துத் துருவகற்றிப் புதியதைச் செருகுக. எல்லா நட்டுகளையும் முதலிற் கையளவே முடுக்கி, உறுப்புகள் இயல்பாகப் பொருந்திய பின் முன்னிருந்து பின்னாக ஸ்பானரால் இறுக்குக. யாம் இவ்விடத்திற் பிழைத்தோம். பின் போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டமையால் முன்வாய் கோணிற்று. மீண்டும் தளர்த்தித் தொடங்க நேர்ந்தது. வலிந்து பொருத்திய சைலென்சர் அதிர்ச்சியால் பிடியருகே விரிசல் காணும்.

பொருத்திய பின் திறந்த வெளியிலேயே எஞ்சினை ஓட்டுக. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமுமற்ற நச்சு. மூடிய அறையில் உயிரைக் கவரும். இணைப்பினருகே, தொடாமல், கையை நீட்டினால் கசிவு புலப்படும். ஒருமுறை ஓடிச் சூடேறி ஆறிய பின் நட்டுகளை மறுபடியும் இறுக்குதல் நன்று.

பேரொலிக்காகவே விற்கப்படும் சைலென்சர்களும் கடைகளில் உள. எம் மனமும் அவற்றின்பால் சென்றதுண்டு. அவை புகைக்குத் தடை குறைந்தவை ஆதலின், கார்புரேட்டரைத் திருத்தாவிடின் காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்து எஞ்சின் அளவிறந்து சூடேறக்கூடும். மேலும், 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 120-ஆவது, ஒவ்வொரு மோட்டார் வண்டிக்கும் ஓசையைக் குறைக்கும் சைலென்சர் வேண்டுமென்கின்றது. ஒலி வரம்பை மீறுவோர்க்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதற் குற்றத்திற்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று திங்கள் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

ஆயினும் எம்மைத் திருத்தியது சட்டமன்று; அப்பெரியவரின் மென்சொல்லே. வேலை முடிந்த மறுநாட் காலை எம் வாயிலிலேயே வண்டியைக் கிளப்பினோம். புல்லட்டுக்குரிய முழக்கம் தாழ்ந்த குரலில் எழுந்தது. அடுத்த வீட்டிலிருந்து அழுகுரல் எழவில்லை. தறியின் ஓசையே கேட்டது. வண்டியேறும் மாணவ நண்பர்காள், உங்கள் வண்டியின் ஓசையை ஒருமுறை அடுத்த வீட்டுத் திண்ணையிலிருந்து கேட்டுப் பாருங்கள்.