கணிப்பொறியும் பிரியாத செயலும்
(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு)

பலர் கூடிச் செய்தால் வேலை விரைவில் முடியும் என்பர். ஆனால் ஒழுங்கில்லாவிட்டால் அதுவே குழப்பத்தில் முடியும் என்பதை நாங்கள் சிதம்பரத்தில் கற்றுக்கொண்டோம்.

கடலூரிலிருந்து இரண்டு பஸ்களில் கல்விச் சுற்றுலா சென்றிருந்தோம். நடராசர் கோயில் கோபுரங்களில் உள்ள நடனச் சிற்பங்களைக் கண்டு மகிழ்ந்தபின் பஸ்ஸுக்குத் திரும்பினோம். மொத்தம் எட்டுக் குழுக்கள். ஒரு குழு முழுவதும் வந்து சேர்ந்ததும், அதன் தலைவி நோட்டுப் புத்தகத்தின் கடைசி வரியைப் பார்த்து, தன் குழுவுக்குரிய 0-ஐ 1 ஆக்கிப் புதிய வரி எழுத வேண்டும். கடைசி வரியே கணக்கு.

அப்போது 11000000 என்றிருந்தது. நான்காம் குழுத் தலைவியும் ஆறாம் குழுத் தலைவியும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தனர். முதலில் ஒருத்தி 11010000 என எழுதினாள். மற்றவளோ, தான் முன்பு பார்த்ததை மனத்தில் வைத்து, அதன்கீழ் 11000100 என எழுதினாள். நான்காம் குழுவின் 1 மறைந்தது! அக்குழுவினர் இரண்டாவது பஸ்ஸில் அமர்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்க, சிஸ்டர் கொளுத்தும் வெயிலில் நான்கு கோபுர வாசல்களிலும் அவர்களைத் தேடி அலைந்தார். இருவரும் சரியாகத்தான் எழுதினர். ஆயினும் கணக்குத் தவறியது!

கணிப்பொறிக்குள்ளும் இதே நிலை உண்டு. 0 அல்லது 1 கொண்ட ஓர் இடத்தை ‘பிட்’ என்பர். எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு ‘பைட்’. ஒரே நிரலின் பல கிளைகள் ஒரே சமயத்தில் ஓடும்போது, அவற்றை ‘த்ரெட்’ என்கிறோம். அவை ஒரே பைட்டைப் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு பிட்டை மாற்ற மூன்று படிகள் தேவை: படித்தல், மாற்றுதல், திரும்ப எழுதுதல். இவற்றின் இடையில் இன்னொரு த்ரெட் புகுந்தால் எங்கள் நோட்டின் கதைதான்.

இதற்கு மருந்து ‘அட்டாமிக்’ செயல். அச்சொல் பிரிக்க முடியாதது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மூன்று படிகளும் ஒன்றாகவே நடந்து முடியும். இடையில் எவரும் நுழைய இயலாது. இந்தக் காவலைக் கணிப்பொறியின் செயலியே செய்கிறது. 00010000 என்பதோடு ‘ஆர்’ செய்தால் நான்காம் பிட் மட்டும் 1 ஆகும். 11101111 என்பதோடு ‘அண்ட்’ செய்தால் அது மட்டும் 0 ஆகும். மற்றவை மாறா. மேலும், மாற்றுமுன் இருந்த மதிப்பையும் அச்செயல் திருப்பித் தரும். ஓர் இருக்கையை இருவர் ஒரே நொடியில் கேட்டால், பழைய மதிப்பாக 0 பெற்றவருக்கே இருக்கை. 1 பெற்றவர் அது நிரம்பிவிட்டதென அறிவார். சி, சி++ மொழிகளின் 2011-ஆம் ஆண்டுத் தரத்தில் இச்செயல்கள் இடம்பெற்றன.

ரயில்வேயார் இதை முன்பே அறிந்திருந்தனர் எனலாம். ஒற்றைத் தண்டவாளத்தில் இரு நிலையங்களுக்கிடையே செல்ல, டிரைவரிடம் டோக்கன் இருக்க வேண்டும் என்பது பழைய முறை. ஒரு டோக்கன் வெளியே இருக்கும்வரை, இரு நிலையக் கருவிகளிலிருந்தும் மற்றொன்று வராது. எனவே எதிரெதிரே இரு ரயில்கள் புகுவதில்லை.

இது வெறும் கணக்கு விளையாட்டன்று. 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ‘தெராக்-25’ என்னும் கதிரியக்கச் சிகிச்சைக் கருவி ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. சிலர் உயிரிழந்தனர். பகிர்ந்த மாறியைப் பார்ப்பதும் மாற்றுவதும் பிரியாத ஒரே செயலாக அதன் நிரலில் அமையவில்லை என்பது, ஆய்வில் வெளிவந்த குறைகளுள் ஒன்று. நோய் தீர்க்க வந்த கருவியே நோயாளியை வருத்தியது எத்துணைக் கொடுமை!

அன்று திரும்பும் வழியில் சிஸ்டர் ஒரு விதி செய்தார். நோட்டுக்கு ஒரே பென்சில். பென்சிலைக் கையில் எடுத்தவளே நோட்டைப் பார்க்கலாம். எழுதி முடித்தபின்பே அதைக் கீழே வைக்க வேண்டும். கடலூர் வந்து சேரும்வரை ஒரு 1 கூடத் தொலையவில்லை. பொதுவானதைத் தொடும்போது பிறருடையதை அழிக்காமல் நம் பங்கைச் சேர்ப்போம்!