முள் இறங்கியது

மலைப் பாதையில் மோட்டாரில் போகிறவர்கள் வெளியே பார்த்துக்கொண்டு போக வேண்டும். பள்ளத்தாக்கு, பாக்குத் தோப்பு, மழை பெய்த மறுநாள் மட்டும் தலை காட்டும் சின்னஞ்சிறு அருவிகள், மதில் மேல் உட்கார்ந்து நம்மை எடை போடும் குரங்கு என்று பார்ப்பதற்கு எவ்வளவோ இருக்கின்றன. ஆனால் 2022-ஆம் வருஷம் ஆடி மாதத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் புறப்பட்ட நாம் ஐந்து பேரும் பாதி வழி வரையில் பார்த்துக்கொண்டு போனது வேறொன்றை. வண்டியின் முன்பலகையில் ஒரு சிறு கண்ணாடி வட்டம். அதற்குள் ஒரு முள். யந்திரத்தின் உஷ்ணத்தைக் காட்டும் அந்த முள் நமக்குச் செய்த துரோகத்தையும், அது துரோகமே அல்ல என்று பின்னால் நாம் தெரிந்துகொண்டதையும் நேயர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

வண்டி நம்முடையதல்ல. கோயமுத்தூர் நண்பர் ஒருவருடையது. அவருடைய தகப்பனார் 1965-இல் வாங்கிய அம்பாஸடர். அந்த நாளில் பணத்தைக் கட்டிவிட்டு வண்டிக்காக வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பெண் பார்ப்பதைவிட அது நீண்ட விவகாரம். பிர்லா குடும்பத்தார் 1942-இல் குஜராத்திலுள்ள ஓகா துறைமுகத்தில் ஆரம்பித்த கம்பெனி, பிறகு கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தரபாராவுக்குக் குடிபெயர்ந்தது. இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்று பெயர் பெற்றிருந்த வண்டியை வாங்கி, 1957-இல் அம்பாஸடர் என்று நாமகரணம் செய்தது. மந்திரிகளும், டாக்டர்களும், டாக்ஸிக்காரர்களும் ஒரே ஜாதி வண்டியில் போன காலம் அது. 2014-இல் உற்பத்தி நின்றது. பாராங்கல் போன்ற உடம்பு. எதற்கும் அவசரப்படாத சுபாவம்.

தகப்பனார் காலமான பிறகு வண்டி பல வருஷம் கொட்டகையில் கிடந்தது. நண்பருக்கு அதை ஓட்ட வேண்டுமென்று ஆசை. பெட்ரோல் விலையை நினைத்தால் பயம். மேட்டில் ஏறும்போது பழைய யந்திரம் முனகும் என்ற குறையும் உண்டு. ஆகவே ஒரு பட்டறையில் விட்டு, பெட்ரோல் யந்திரத்தைக் கழற்றிவிட்டு, ஒரு வேனின் டீஸல் யந்திரத்தை அந்த இடத்தில் பொருத்தச் செய்தார். பழையது 1489 கன சென்டிமீட்டர், ஐம்பது குதிரைச் சக்தி சொச்சம். வந்து சேர்ந்ததோ எழுபது குதிரைக்கு மேல். இந்த மாற்றத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றுவதற்கு அவர் அலைந்தது தனிப் புராணம், அதை விட்டுவிடுகிறோம்.

அதோடு நிற்கவில்லை. தாயார் சௌக்கியமாக உட்கார வேண்டும் என்று குளிர்சாதனமும் வைத்தார். அம்மாளுக்கு வயது எழுபத்தெட்டு. முதல் நாள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் குளிர்காற்றைத் திருப்பியதும், "காத்தை அடைச்சுப் போட்டு, அப்பறம் காத்து வரதுக்கு ஒரு மிஷினாடா?" என்று கேட்டாராம். வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் கழற்றிய பழைய யந்திரத்தை இரும்புக் கடைக்குப் போட மட்டும் சம்மதிக்கவில்லை. "உங்கப்பா வந்து வாசல்ல நிக்கறது அந்தச் சத்தத்துலதான் எனக்குத் தெரியும்" என்று சொல்லி, கோணிச் சாக்கைச் சுற்றிக் கொட்டகை மூலையில் வைக்கச் செய்தார்.

குன்னூரில் அம்மாளின் அக்காள் படுக்கையாய்க் கிடந்தார். எண்பத்தைந்து வயது. "ஒரு தடவை வந்து மூஞ்சியைக் காட்டிட்டுப் போ" என்று சொல்லி அனுப்பியிருந்தார். பஸ்ஸில் போய்விடலாம் என்றுதான் அம்மாள் சொன்னார். அப்பாவின் வண்டியிலேயே அழைத்துப் போகிறேன் என்று பிடிவாதம் செய்தவர் நண்பர். அவரும், அவர் மனைவியும், தாயாரும், நாமும் போக, ஐந்தாவது ஆசாமி ஒரு கிழவர். தகப்பனார் காலத்தில் இருபது வருஷம் இதே வண்டியை ஓட்டியவர். இப்பொழுது கண் பார்வை போதாது என்று விருந்தாளியாக முன் ஸீட்டில் உட்கார்ந்திருந்தார். பின்னால் பெட்டிகளோடு, அக்காள் வீட்டுக்காக ஒரு மூட்டைத் தேங்காய்.

கல்லாறு வந்ததும் கிழவர் மெதுவாகச் சொன்னார்: "தம்பி, இங்க ஒரு கால்மணி நேரம் நிறுத்தோணுங்க. அய்யா காலத்துல நிறுத்தாம ஏறுனதே இல்லீங்க. பானட்டைத் தொறந்து தண்ணி பாத்துட்டுத்தானுங்க கெளம்புவோம்."

நண்பர் சிரித்தார். "அது பழைய இஞ்சின், அண்ணே. இதுக்கு அதெல்லாம் வேண்டாம்."

கல்லாற்றில் நிற்கிறவர்கள் வேறு யாருமில்லையா என்றால், ஒருவர் உண்டு. 1899-இல் குன்னூர் வரையில் ஓட ஆரம்பித்த மலை ரயில் இன்றைக்கும் அங்கே நிற்கிறது. அங்கிருந்துதான் தண்டவாளத்தின் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டை தொடங்குகிறது. பன்னிரண்டரை அடி போனால் ஓர் அடி ஏற வேண்டிய செங்குத்தான பாதை. அந்த நீராவி யந்திரம் இந்த மலைக்கென்றே செய்யப்பட்டது. அப்படியிருந்தும் ஹில்குரோவ், ரன்னிமேடு என்று வழியில் நின்று நின்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகிறது. அதைப் பார்த்தாவது நமக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நாம் அதைப் படம் பிடிப்பதில் முனைந்திருந்தோம்.

குன்னூர் போவதற்குள் கொண்டை ஊசி வளைவுகள் பதினான்கு. இரண்டு மூன்று திரும்பியதும் முள் நகர ஆரம்பித்தது. ஒவ்வொரு வளைவிலும் இரண்டாவது கியர். முன்னால் ஒரு லாரி. அதற்கு முன்னால் இன்னொரு லாரி. யந்திரம் படுவேகமாய்ச் சுழல்கிறது. வண்டியோ மாட்டு வண்டிக்குச் சிறிது மேலான வேகத்தில் ஊர்கிறது. யந்திரத்தில் எரிகிற எண்ணெயின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றும் வேலையாகிறது. ஒரு பங்கு புகையோடு போகிறது. மீதியைத் தண்ணீர் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் காற்றிடம் ஒப்படைக்க வேண்டும். சமவெளியில் வண்டியின் ஓட்டமே காற்றைக் கொண்டு வந்து கொட்டிவிடும். மலையில் காற்றாடி ஒன்றைத்தான் நம்பியிருக்க வேண்டும்.

பிரஷர் குக்கர் இருக்கும் வீட்டில் மற்றதை விளக்குவது சுலபம். தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது கடற்கரைப் பட்டணத்துக் கணக்கு. ஆறாயிரம் அடி உயரத்திலுள்ள குன்னூரில் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி போட்டு ஆவியை அடக்கினால் கொதிநிலை உயரும். ரேடியேட்டர் மூடி இந்தக் காரியத்தைத்தான் செய்கிறது. அது ஏழு பவுண்டு அழுத்தம் தாங்கினால், தண்ணீர் கொதிக்காமல் இன்னும் பத்து டிகிரிக்கு மேல் பொறுத்துக்கொள்ளும். ஆனால் குக்கரின் காஸ்கெட் தேய்ந்து போனால் சமையலறையில் என்ன நடக்கும் என்பது நேயர்களில் பெண்மணிகளுக்குத் தெரியும். விசில் வராது, ஓரத்தில் ஆவி சீறும், உள்ளே தண்ணீர் வற்றும், பருப்பு தீயும். நம் வண்டியின் ரேடியேட்டர் மூடியிலும் ஒரு ரப்பர் காஸ்கெட் உண்டு. அது எத்தனை வருஷத்துப் பழசோ, யாரும் அதைக் கவனித்ததில்லை.

முள் சிவப்புக் கோட்டை நெருங்கியதும் வண்டிக்குள் பேச்சு நின்றது. நண்பரின் மனைவி, "கொஞ்சம் நிறுத்திட்டுப் போலாங்களே" என்றார். நிறுத்த இடமில்லை, அடுத்த வளைவில் பார்க்கலாம் என்றார் நண்பர். குளிர்சாதனம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தியிருந்தாலாவது யந்திரத்துக்கு ஒரு சுமை குறைந்திருக்கும் என்று அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்புறந்தான் அந்த அதிசயம் நடந்தது. முள் இறங்கியது! சிவப்பை விட்டு நடுவுக்கு வந்தது. நடுவையும் தாண்டிக் கீழே போயிற்று. நண்பர் முகத்தில் பிரகாசம் வந்தது. "பார்த்தீங்களா அண்ணே!" என்றார். நாமும் கைகொட்டாத குறையாகச் சந்தோஷப்பட்டோம் என்பதை மறைக்கப் போவதில்லை.

கிழவர் சந்தோஷப்படவில்லை. "ஏறுறப்ப எறங்கற முள்ளு நல்லதுக்கில்லீங்க, தம்பி. நிறுத்துங்க" என்றார். குரலில் பழைய மரியாதை இருந்தது. ஆனால் அது யோசனையாக இல்லை, உத்தரவாக இருந்தது. "பர்லியாறு பக்கந்தான், அங்கே போய் நிறுத்திக் கொள்ளலாமே" என்று சொன்னவர் நண்பர் அல்ல, நாம்தான். அந்தச் சில நிமிஷங்களுக்கு விலை என்ன என்பது பிற்பாடு தெரிந்தது.

முள்ளுக்கு உஷ்ணத்தை அறிவிக்கும் கருவி தண்ணீருக்குள் முழுகி இருக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகி வெளியேறிய பிறகு அது வெற்றிடத்தில் அந்தரமாய் நின்றது. ஜுரம் பார்க்கிற கண்ணாடிக் குழாயை நோயாளியின் வாயிலிருந்து எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, ஜுரம் விட்டுவிட்டது என்று பாயசம் வைத்தது போல ஆயிற்று நம் காரியம்.

பர்லியாற்றுக்கு முன் உள்ள ஒரு வளைவில் காந்தல் வாடை வந்தது. பிறகு யந்திரத்தின் சுருதி கலைந்தது. மேடு ஏறும் மாட்டின் கால் மடங்குவதுபோல் வண்டி ஒரு தடவை தள்ளாடி, ஓரத்தில் போய் நின்றது.

நண்பர் பதறிப்போய் பானட்டைத் திறந்து, குடிதண்ணீர்ப் பாட்டிலை எடுத்து யந்திரத்தின் தலையில் கவிழ்க்கப் போனார். கிழவர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எரிகிற அரிக்கேன் சிம்னியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும்? பழுக்கக் காய்ந்த வார்ப்பிரும்புக்கும் அதே கதிதான். மூடியையும் தொட விடவில்லை. உள்ளே மிச்சமிருக்கும் ஆவி முகத்தில் பாய்ந்தால் கண்ணே போய்விடும். "தானா ஆறட்டுங்க" என்று சொல்லி, ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டு, மதில் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அம்மாள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு பர்லியாறு வரையில் நடந்து போய், கடையில் அக்காளுக்காக மங்குஸ்தான் பழம் வாங்கினார். சர்க்கார் பஸ் ஒன்று வந்தது. மூட்டையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட இரண்டே தேங்காய்களுடன் ஏறி உட்கார்ந்தார். கூடவே வந்து வழியனுப்பிய பிள்ளையிடம் ஜன்னல் வழியாகச் சொன்னார்: "வண்டியை நடுவழியில போட்டுட்டு என்னைத் தேடிட்டு வராதே. உங்கப்பா அப்படி உட்டுட்டு வந்ததில்லை." நண்பர் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவு நேரமும் தாங்கிக்கொண்டிருந்தவர் அப்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு யந்திரத்தைக் கிளப்பினோம். ரேடியேட்டரின் வாயில் குமிழ் குமிழாய் வந்தது. பின்னால் வெள்ளைப் புகை. கிழவர் எட்டிப் பார்த்துவிட்டு, "போச்சுங்க" என்றார். யந்திரத்தின் உடலுக்கும் தலைக்கும் நடுவே இன்னொரு காஸ்கெட் உண்டு. நெருப்பையும் தண்ணீரையும் பிரித்து வைக்கும் தகடு. அது கருகி வழி விட்டுவிட்டது. இழுவை வண்டி வருவதற்குச் சாயங்காலமாகிவிட்டது. தூரத்தில் எங்கேயோ ரயில் ஊதுவது கேட்டது. நண்பரும் நாமும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கோயமுத்தூரில் வேறொரு மெக்கானிக், தலையைக் கழற்றி, அதன்மேல் ஓர் எஃகுச் சட்டத்தை வைத்துக் காட்டினார். நேராக இருக்க வேண்டிய இரும்பு வளைந்து, சட்டத்துக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. இரண்டு வால்வுகளுக்கு நடுவில் மயிரிழைபோல் ஒரு விரிசல். நண்பர் யந்திரத்தைத் திட்ட ஆரம்பித்தார். மெக்கானிக் தடுத்தார். "இஞ்சின் மேல தப்பில்லீங்க. இதுக்கு வேண்டிய ரேடியேட்டர் இது இல்லீங்க."

ஐம்பது குதிரைக்கு அளவெடுத்த ரேடியேட்டர் எழுபது குதிரையின் உஷ்ணத்தைச் சுமந்தது. புது யந்திரத்தின் நீளம் வேறானதால், காற்றாடி ரேடியேட்டரை விட்டு நாலு விரற்கடை விலகி நின்றது. அதைச் சுற்றிக் காற்றைத் திரட்டித் தரும் கூண்டும் வைக்கவில்லை. குளிர்சாதனத்துக்கு உரிய இன்னொரு சல்லடை ரேடியேட்டரின் முகத்தையே மறைத்துக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, ஊற்றியதெல்லாம் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீர். குழாய்களுக்குள், வெந்நீர் அண்டாவில் படிவதைப்போல், வெள்ளைக் காரை படிந்திருந்தது. ஊருக்குள் இரண்டு வருஷம் ஒரு குறையுமில்லாமல் ஓடியதற்குக் காரணம், ஊருக்குள் அதனிடம் யாரும் முழு வேலை வாங்காததுதான்.

புதுத் தலைக்கும் ரேடியேட்டருக்கும் மெக்கானிக் சொன்ன தொகையைக் கேட்டு நண்பர் ஒரு வாரம் பேசாமல் இருந்தார். குன்னூரில் அக்காள் பக்கத்திலேயே பத்து நாள் தங்கிவிட்ட அம்மாள் டெலிபோனில் இதைக் கேட்டுவிட்டு, "கொட்டகையில ஒண்ணு கெடக்குதே" என்றாராம்.

சாக்கைப் பிரித்தபோது நாமும் கூட இருந்தோம். நாலு சிலிண்டர்களில் ஒன்று துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கிழவர் தினம் காலையில் வந்து அதில் மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் கலந்து விட்டுக்கொண்டிருந்தார். ஒன்பதாம் நாள் அசைந்தது. பிறகு இரண்டு மாத வேலை. பதிவுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நண்பர் மறுபடியும் அலைந்தது வேறு. குளிர்சாதனம் கழன்றது.

2023-ஆம் வருஷம் தை மாதம் மறுபடியும் குன்னூர் போனார்கள். நாம் போக முடியவில்லை. கல்லாற்றில் கால்மணி நேரம், பர்லியாற்றில் கால்மணி நேரம் நின்றார்களாம். வழியெல்லாம் வண்டி முனகியதாம். லாரிகள்கூட அதைத் தாண்டிக்கொண்டு போயினவாம். அக்காள் படுக்கையிலிருந்தபடியே, வாசலில் வந்து நின்ற சத்தத்தைக் கேட்டு, "உம் வூட்டுக்காரரு வண்டியா?" என்று தங்கையைக் கேட்டாராம். தேங்காய் மூட்டை இந்தத் தடவை முழுசாகப் போய்ச் சேர்ந்தது.