இலித்தியம்–கந்தக மின்கலத்தில் மின்மறிப்பு அளவீடு

மின்வேதியியல் மின்மறிப்பு நிறமாலையியல் என்பது ஒரு மின்கலத்தைப் பிரிக்காமலேயே அதனுள் நடக்கும் நிகழ்வுகளை அறிய உதவும் அளவீட்டு முறையாகும். மாறுதிசை மின்னோட்டத்துக்கு ஒரு சுற்று காட்டும் மொத்த எதிர்ப்பே மின்மறிப்பு. இலித்தியம்–கந்தக மின்கலம் சில சுழற்சிகளிலேயே கொள்ளளவை இழப்பது ஏன் என்பதை ஆராய இம்முறை பயன்படுகிறது.

பின்னணி

ஒரு கிராம் கந்தகம் கோட்பாட்டளவில் சுமார் 1,675 மில்லி ஆம்பியர்-மணி மின்னூட்டம் தரவல்லது. ஆனால் கந்தகமும், மின்னிறக்கத்தின் இறுதியில் உருவாகும் இலித்தியம் சல்பைடும் மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. இடைநிலையில் தோன்றும் பாலிசல்பைடுகள் மின்பகுளியில் கரைந்து, தறியின் நாடாபோல் இரு மின்முனைகளுக்கும் இடையே போய்வருகின்றன. இது ஷட்டில் விளைவு எனப்படுகிறது. இதனால் மின்கலம் தானாகவே மின்னூட்டத்தை இழக்கிறது.

அளவிடும் முறை

மின்கலத்துக்குப் பொதுவாக 5 முதல் 10 மில்லிவோல்ட் வரையிலான சிறிய மாறுதிசை மின்னழுத்தம் தரப்படும். அதனால் எழும் மின்னோட்டத்தின் அளவும் கட்ட வேறுபாடும் பதிவாகும். அதிர்வெண் 1,00,000 ஹெர்ட்ஸ் அளவிலிருந்து 0.01 ஹெர்ட்ஸ் வரை படிப்படியாகக் குறைக்கப்படும். விரைவான நிகழ்வுகள் உயர் அதிர்வெண்ணிலும், மெதுவானவை தாழ் அதிர்வெண்ணிலும் வெளிப்படும். முடிவுகள் நைக்விஸ்ட் வரைபடமாக வரையப்படுகின்றன. அதன் முக்கியப் பகுதிகள்:

• உயர் அதிர்வெண்ணில் வளைகோடு கிடையச்சை வெட்டும் புள்ளி: பெரும்பாலும் மின்பகுளியின் மின்தடை.
• அரைவட்டங்கள்: மின்முனைப் பரப்பிலுள்ள படலங்களும் மின்னூட்டப் பரிமாற்றமும்.
• தாழ் அதிர்வெண்ணில் சாய்ந்த கோடு: அயனிகளின் விரவல்.

மின்னிறக்கத்தின்போது காணப்படும் மாற்றங்கள்

சுமார் 2.3 வோல்ட்டில் நிகழும் முதற்கட்டத்தில் கந்தகம் பாலிசல்பைடுகளாகிக் கரைகிறது. கரைசலின் பாகுத்தன்மை கூடுவதால் மின்பகுளியின் மின்தடையும் உயர்கிறது. சுமார் 2.1 வோல்ட்டில் நிகழும் இரண்டாம் கட்டம் தொடங்குமிடத்தை ஒட்டி இம்மின்தடை உச்சத்தை அடைகிறது. பின்னர் இலித்தியம் சல்பைடு திண்மமாகப் படிவதால் கரைசலின் செறிவும் மின்தடையும் குறைகின்றன. இறுதியில் அப்படிவு கந்தக மின்முனையின் பரப்பை மூடும்போது அரைவட்டம் பெரிதாகிறது. இவ்வாறு, கரைதலும் படிதலும் வரைபடத்தின் வெவ்வேறு இடங்களில் தனித்தனியே தெரிகின்றன. மின்தடை கூடியது என்பதோடு, அது எங்கே கூடியது என்பதையும் அறிய முடிவதே இம்முறையின் சிறப்பு.

வரம்புகள்

சாதாரண இருமின்முனைக் கலத்தில் இலித்தியத்தின் பங்கும் கந்தகத்தின் பங்கும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து தெரியும். ஒரே வரைபடத்துக்கு வெவ்வேறு சமானச் சுற்றுகளும் பொருந்தக்கூடும். ஆகவே, நன்றாகப் பொருந்துவதால் மட்டுமே ஒரு சுற்றைச் சரியெனக் கொள்ள முடியாது. ஒரே வகை மின்முனைகள் இரண்டைக் கொண்ட சமச்சீர்க் கலமோ, மேற்கோள் மின்முனை உள்ள மும்முனைக் கலமோ இக்குழப்பத்தைக் குறைக்கும்.

அளவீடு முடியும்வரை மின்கலம் மாறாதிருக்க வேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை. 0.01 ஹெர்ட்ஸில் ஒரு அலை முடியவே 100 வினாடிகள் ஆகும். அதற்குள் ஷட்டில் விளைவு மின்கலத்தின் நிலையை மாற்றிவிடலாம். எனவே, தரவு நம்பத்தக்கதா என்பது கிராமர்சு–குரோனிக் தொடர்புகளைக் கொண்டு சோதிக்கப்படுகிறது.